விழுகிற பக்கம் நிற்பவள்

வாரம் முழுக்க அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையின் மோட்டார் சைக்கிளைத் தூக்கினாள். இரண்டில் எது கனம் என்று கேட்டால், போர்வைதான் என்பாள். வண்டி எப்போதாவதுதான் விழும், போர்வை வந்துகொண்டே இருக்கும்.

தங்கை ஓட்டியது ட்ரையல்ஸ் வண்டி. அதற்கு இருக்கை கிடையாது, நின்றபடியேதான் ஓட்ட வேண்டும். பந்தயம்தான், ஆனால் வேகத்துக்கு அங்கே மரியாதை இல்லை. பாறையும் மரக்கட்டையும் ஓடைச் சேறுமாக இருக்கிற இடத்தை நாடா கட்டி வளைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்து, கால் தரையில் படாமல் மறுபக்கம் வந்துவிட வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து. புள்ளி என்பது இங்கே தண்டனை, குறைவாக வாங்கியவரே ஜெயித்தவர். முட்டை வாங்கினால் கைதட்டுகிற ஒரே இடம் இதுதான் என்று அக்காவின் கணவர் சொல்வார். அவர் பேருந்து ஓட்டுநர். மற்றபடி அந்த விளையாட்டைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

ஆளுயரப் பாறையில் ஏறும்போது வண்டி பின்பக்கம் புரண்டால் ஓட்டுகிறவர் மேலேயே வந்து விழும். அதனால் நாடாவுக்குள் துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்று விதி இருந்தது. விதிப்புத்தகம் அவரை உதவியாளர் என்றது. மைதானத்தில் எல்லோரும் 'பிடிக்கிற ஆள்' என்றார்கள். வண்டியைத் தொட்டுவிட்டால் ஓட்டுகிறவருக்கு ஐந்து புள்ளி விழும். பிடிக்கிற ஆள் தன் வேலையைச் செய்தாலே அந்தச் சுற்று போச்சு என்று அர்த்தம்.

முதல் தடவை தங்கை கூப்பிட்டபோது, "சும்மா வந்து நில்லுக்கா, போதும்" என்றுதான் சொன்னாள். அந்தச் சும்மா பல வருடம் நீண்டது. அதற்குள் அக்காவின் வலது கை மோதிர விரல் மடங்காமல் போனது. தோள்பட்டை எலும்பு ஒரு முறை விலகி, பொருந்தி, அதன்பிறகு மழைக்காலம் வருவதை முன்கூட்டியே சொல்லத் தொடங்கியது. திங்கட்கிழமைகளில் அவள் போர்வைகளை இடது கையால் இழுப்பதைக் கூடத்தின் மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அம்மா போனபின் தங்கையை வளர்த்தது அவள்தான். பள்ளி வாசலில் விட்டதும், காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்ததும், முதல் வேலைக்கு உடன் போனதும் எப்படியோ, இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

போன பருவத்தில் வேறொரு குழுவில் பிடிக்கிற ஆள் ஒருவரின் கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கியது. அதன்பின் போட்டிகளை நடத்தும் சங்கம் புதிய விதிகளை எழுத உட்கார்ந்தது. மின்சார வண்டிகளையும் பெட்ரோல் வண்டிகளையும் ஒரே பிரிவில் ஓட விடலாமா, நடுவரின் கண்ணை நம்புவதா கேமராவை நம்புவதா என்று நிறையப் பேச்சு. அவற்றோடு ஒரு வரி: இனி நாடாவுக்குள் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது, அதற்கேற்றபடி பாறைகளின் உயரம் குறைக்கப்படும்.

கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பெஞ்சுகள். பெரிய ஆள்களெல்லாம் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். போகும் வழியிலேயே தங்கை பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் நின்றால்தான் ஆபத்து குறையும் என்று அக்கா சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அக்கா தலையை ஆட்டினாள்.

முதலில் எழுந்தது கொக்கு. நெட்டையான ஓட்டக்காரர். வண்டியை அசையாமல் நிறுத்தி அடுத்த பாறையை வெகுநேரம் முறைத்துப் பார்ப்பதால் அந்தப் பெயர். பிடிக்கிற ஆளை எடுத்துவிட்டால் பாறையின் உயரம் போகும், உயரம் போனால் இது குழந்தைகள் சைக்கிள் விடுகிற பூங்காவாகிவிடும் என்றார். பாதிப் பேர் மேஜையைத் தட்டினார்கள். பிறகு சங்கத் தலைவர் அக்காவைப் பேசச் சொன்னார்.

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சொல்லிக்கொடுத்தது வாய்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"எனக்கு முடியலைங்க," என்றாள். "தோள் போயிடுச்சு, அது கிடக்கட்டும். இவ பாறையில ஏறும்போது நீங்க எல்லாரும் இவ எப்படி ஏறுறான்னு பார்க்கிறீங்க. நான் எந்தப் பக்கம் விழுவான்னு பார்க்கிறேன். இத்தனை வருஷத்துல இவ ஓட்டி நான் பார்த்ததே இல்லை. எங்களை எடுத்துடுங்க."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் காரிலிருந்து இறக்கிவிடும்போது, "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது என்று அக்கா சொன்னாள். தங்கை அதை நம்பியதாகத் தெரியவில்லை. சில வாரம் போன் வரவில்லை.

விதி நிறைவேறியது. முதல் போட்டிக்கு அக்கா பார்வையாளராகப் போனாள். யாரும் அழைக்கவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. நாடாவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. வண்டி சாயும்போதெல்லாம் கை தானாக அவிழ்ந்தது. மத்தியானத்துக்குள் ஒரு வண்டியையும் தொடாமலே உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆனது.

கடைசிக்கு முந்தைய இடத்தில் ஒரு வழுக்குப் பாறை. தங்கை பாதி ஏறியதும் பின்சக்கரம் சறுக்கியது. அக்காவுக்கு அடுத்து நினைவிருப்பது தன் கால் நாடாவுக்குள் இருந்ததும் நடுவர் விசில் ஊதியதும்தான். தங்கை விழவில்லை. ஒரு காலை ஊன்றி, சமாளித்து, மேலே போய்விட்டிருந்தாள். ஒரு புள்ளியோடு முடிந்திருக்க வேண்டியது. வெளியாள் உள்ளே வந்ததால் ஐந்து என்றார் நடுவர். அவருக்கே சங்கடமாக இருந்தது, ஆனால் விதி விதிதான்.

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். வியர்வையும் சேறுமாக இருந்த முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"நான் விழலைக்கா."

"தெரியும்டி. இப்பத் தெரியுது."

"இனிமே நீ வராதே. கோபத்துல சொல்லலை. நீ நிக்கிறேன்னு தெரிஞ்சா நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறிடறேன். உனக்கும் வலிக்குது."

அக்கா சரி என்றாள். திரும்பும்போது தங்கையின் காரிலேயே தூங்கிவிட்டாள்.

அதன்பின் ஞாயிறுகளில் அவள் வீட்டிலேயே கிடந்தாள். தோளுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைக் கதவுப் பிடியில் துண்டைக் கட்டிச் செய்தாள். பாதியில் அலுத்து உட்கார்ந்தாள். மைதானத்துச் செய்திகள் காதில் விழுந்தன. கொக்கு ஆளில்லாமல் ஒரு பாறையில் ஏறப் போய் முதுகில் விழுந்து, இப்போது நிதானமாக ஓட்டுகிறாராம். உயரத்தைக் குறைத்தது போதாது என்று ஒரு கட்சி, குறைத்ததே தப்பு என்று ஒரு கட்சி. அடுத்த பருவத்துக்குப் பெரிய பிரிவில் மட்டும் பிடிக்கிற ஆளைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மறுபடி கூட்டமாம். தலைவர் அவளையும் அழைத்தார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் தங்கை மைதானத்திலிருந்து கூப்பிட்டாள். சேற்றில் நடந்துகொண்டே பேசியதால் மூச்சு வாங்கியது.

"நெட்டுக்குத்தா ஒரு பாறை இருந்துச்சுக்கா. ரெண்டு தடவை நடந்து பார்த்தேன். வேண்டாம்னு தோணிச்சு. ஏறலை. அஞ்சு போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு வண்டியை ஓரமா உருட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தங்கை எதையாவது பார்த்துப் பின்வாங்கியதாக அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல வேலை செய்தாய் என்று சொல்லலாமா, அது தங்கைக்குக் குத்தலாகப் படுமா என்று யோசித்தாள். கடைசியில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். தங்கை சாப்பிட்டேன் என்றாள்.

போனை வைத்தபின் கணவர் எத்தனையாவது இடம் என்று கேட்டார். அதைக் கேட்கவே மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, காலை வேலைக்கான சீருடையை இஸ்திரி போட எடுத்தாள்.