ஒரே பேரில் இரண்டு ஞானஸ்நானம்

மாதாவை நம்புகிற சகோதர சகோதரிகளே, எனக்குச் சாட்சி சொல்லிப் பழக்கமில்லை. சீக்கிரம் கோபம் வரும், சீக்கிரம் அழுகையும் வரும். இரண்டையும் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீடு. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா இறால் உரிக்கப் போவாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். நான் நர்சாக வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. எனக்கும் அதுதான் உயிர்.

மூன்று நர்சிங் பள்ளிகளுக்கு மனுப் போட்டேன். மூன்றும் மூன்று விதம். ஒன்றில் இங்கிலீஷில் நாற்பது மார்க் வேண்டும் என்றார்கள். எனக்கு முப்பத்தெட்டு. இன்னொன்றில் எடை போட்டார்கள், எடை போதவில்லை. "நோயாளிய நீ தூக்கணும்மா. உன்ன யாரு தூக்கறது?" என்று சிரித்தார் எடை பார்த்தவர். மிச்சம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிப் பள்ளிதான். அவர்கள் மார்க்கையும் எடையையும் பெரிதாகப் பார்க்கவில்லை. பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும், பங்குக் கோயிலின் ஞானஸ்நானச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின்படி எனக்குப் பதினேழரை. அப்பாடா என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

சாமியார் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆரோக்கிய மேரி. அதே அப்பா, அதே அம்மா. ஆனா ரெண்டு பேர் இருக்காங்களேம்மா. இதுல நீ யாரு?"

முதல் பேருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சிலுவை. பிறந்த எட்டாம் மாதத்தில் இறந்த குழந்தை. அதற்கு ஒன்றரை வயது இளையவள், இரண்டாவது மேரி, நான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டும் என் புள்ளைங்கதான் சாமி" என்றாள். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பேரை விட மனமில்லாமல் எனக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, படிக்கத் தெரியாத நைனா பெட்டியிலிருந்த சீட்டை எடுத்துப் போயிருக்கிறார். அது அக்காவின் சீட்டு. அவளுடைய பிறந்த தேதியில்தான் நான் பதினோரு வகுப்பும் படித்தேன். உண்மையில் எனக்குப் பதினாறு.

நைனா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே வழியும் சொன்னார். "அந்தப் பழைய சீட்டு இன்னும் பொட்டியிலதான் கீது. கோயில் முத்திரையும் கீது. அத்த குட்துடு. எவன் கேக்கப் போறான்?" அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் நவநாள் செய்தேன். "மாதாவே, இந்த இடம் எனக்குக் கிடைக்க வேண்டும்." அம்மாவும் என் பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபித்தாள்.

நேர்முகத்துக்குப் போனபோது அக்காவின் பழைய சீட்டு, சாமியார் எழுதிக்கொடுத்த என் சீட்டு இரண்டும் பையில் இருந்தன. பள்ளியை நடத்துகிற மதர் கையை நீட்டினார். பழைய சீட்டைத் தொட்டேன். மடித்த இடமெல்லாம் துணி போல் நைந்திருந்தது. எத்தனை தடவை அம்மா அதைப் பிரித்துப் பார்த்திருப்பாள்! செத்த பிள்ளையின் சீட்டைக் காட்டி இடம் பிடிக்க எனக்குக் கை வரவில்லை. என் சீட்டையே கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உண்மையைச் சொன்னியே, சந்தோஷம். தேதியைத் திருத்திக்கிட்டு, பதினேழு முடிஞ்சதும் வா" என்றார் மதர்.

வீட்டுக்கு வந்து ஜெபமாலையைப் பெட்டிக்குப் பின்னால் வீசினேன். உண்மை சொன்னவளுக்கு இதுதானா கூலி என்று மாதா படத்தைப் பார்த்துக் கத்தினேன். பூசைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

மழைக்காலத்தில் அம்மா படுத்தாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். மாதக்கணக்கில் நான்தான் பார்த்தேன். கஞ்சி ஊட்டினேன், புரட்டிப் படுக்கவைத்தேன், துணி மாற்றினேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நவநாள்ல உனுக்கு எடம் கெடைக்கணும்னு நான் கேக்கல."

"இன்னாம்மா சொல்ற?"

"கட்டி கீதுனு எனுக்கு அப்பவே தெரியும். யார்கிட்டயும் சொல்லாம வெச்சிகினு இருந்தேன். நான் போற வரிக்கும் இவ என் கூட இருக்கட்டும், அப்பாலிக்கா நர்சாக்கிடு தாயேன்னுதான் கேட்டேன். ஒரு புள்ள என் மடியிலயே பூட்ச்சி. உன்னையும் அனுப்பிட்டு தனியா சாவ பயமா இருந்திச்சிம்மா. மன்னிச்சிடு."

கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். குழாயடியில் போய் நின்று அழுதேன். அழுது முடித்துத் திரும்பி வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். பிறகு பெட்டியை நகர்த்தி ஜெபமாலையை எடுத்தேன். அன்றிலிருந்து இருவரும் ஒரே ஜெபம்தான் சொன்னோம்: நோகாமல் போக வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒரு காலை அம்மா என் மடியிலேயே போனாள். அக்காவின் சீட்டை அவள் கையில் வைத்துத்தான் சவப்பெட்டியை மூடினோம்.

தேதியைத் திருத்த நைனா வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அடுத்த வருஷம் அதே மதர் எனக்கு இடம் கொடுத்தார். நர்சுத் தொப்பி வைத்த அன்று பார்க்க அம்மா இல்லை. அது இன்னும் வலிக்கிறது. இன்றைக்கு என் வார்டில் யாரையும் தனியாகச் சாக விடமாட்டேன். டியூட்டி முடிந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாதாவுக்குக் கோடி நன்றி. எங்கள் இரண்டு பேர் ஜெபத்தையும் கேட்டாள், அம்மாவுடையதை முதலில் கேட்டாள். கேட்டது கிடைக்கவில்லை என்று என்னைப் போல ஜெபமாலையை வீசியவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து போய் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர் என்ன கேட்டார் என்று உங்களுக்குத் தெரியாது.