மிச்சமான ஆட்கள்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஒரு நாள் செம்புக் கம்பி சுருள் சுருளாகக் கிடந்தது. லாரி வந்து எடுத்துப் போவதற்காக ரயில் பாதையோரத்திலிருந்து அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவிழ்க்க வழி சொன்னவர் என் சித்தப்பா.

அம்மாவுக்குத் தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் வேலை. சித்தப்பா ரயிலில் சிக்னல் கம்பிகளைப் பார்ப்பவர். அப்பா, பாதையோரத்து ரயில்வே கேட்டுகளின் சுவிட்சுப் பெட்டிகளைத் துடைத்துப் பராமரிக்கும் கூட்டத்தில் ஒருவர். சயாமில் போடும் ரயிலுக்குக் கம்பி வேண்டும், இங்கே குறையுங்கள் என்று ஜப்பான்காரனிடமிருந்து உத்தரவு வந்தது. குறைக்காவிட்டால் அடி விழும். சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் குந்தி, கரித்துண்டால் தரையில் கோடு போட்டார்.

"பாருங்கண்ணே. ரயில்வே கேட்டு மூடி, ஒண்ணாம் பாதை காலியா இருந்தா சிக்னல் இறங்கி வண்டிக்கு வழி விடும். கேட்டு மூடி, ரெண்டாம் பாதை காலியா இருந்தாலும் இறங்கும். ரெண்டுலயும் கேட்டு வருதுல்ல? அதுக்கு ஒரு சுவிட்சு, ஒரு கம்பி போதும்லா."

"பெட்டி குறைஞ்சா எனக்கும் நடை மிச்சம்டா" என்று அப்பா சிரித்தார்.

பாதுகாப்பு துளியும் குறையவில்லை. கேட்டுப் பெட்டிகள் மட்டும் பாதியாகின. ஜப்பான் அதிகாரி சித்தப்பாவின் முதுகில் தட்டி ஒரு மூட்டை அரிசி கொடுத்தான். பெட்டி பாதியானால் ஆளும் பாதி போதும் என்று கணக்குப் பண்ணி, மிச்சமானவர்களை சயாமில் ரயில் பாதை போட லாரி ஏற்றினான். அவர்களில் அப்பாவும் இருந்தார். "அண்ணனை விட்டுட்டு என்னை ஏத்துங்க" என்று சித்தப்பா அவன் காலில் விழுந்தாராம். "நீ தேவையான ஆள்" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அந்த அரிசியோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் வேகாத வீடு அது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வச்சிட்டுப் போங்க தம்பி. புள்ளைங்க பசியோட இருக்குதுங்க."

எங்களுக்குப் பொங்கிப் போட்டாள். தான் ஒரு பருக்கையும் தொடவில்லை.

அப்பா திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்ததும் சித்தப்பா ரயில் வேலையை விட்டுவிட்டு, லாபு தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனார். சாகும்வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா கூப்பிடவும் இல்லை.

பின்னாளில் நான் சிரம்பானில் மின்னணுப் பாடம் நடத்தினேன். மின்சுற்றுகளைச் சுருக்கும் பாடத்தில், இரண்டு இடத்தில் வரும் சுவிட்சைப் பொதுவாக வெளியே எடுத்து ஒன்றாக்கச் சொல்லிக் கொடுப்பேன். "டீச்சர், பாதி மிச்சம்!" என்று யாராவது குதூகலமாகத் தாளை நீட்டுவார்கள். முழு மதிப்பெண் போடுவேன். விடை சரிதானே. சித்தப்பா போட்ட விடையும் சரியாகத்தான் இருந்தது.