அந்தோனியார் திருநாளில் அண்ணாவின் படம்

யூன் 13, புனித அந்தோனியார் திருநாள். அப்பாவும் அண்ணாவும் படித்த கத்தோலிக்கக் கல்லூரிக்கு அவர்தான் பாதுகாவலர். போரின் கடைசி நாட்களில் காணாமற்போன அண்ணாவைத் தேடித் தரும்படி அம்மா நச்சரிப்பதும் அவரைத்தான். தொலைந்த பூட்டுத் திறப்பையே தேடித் தருகிறவர், பிள்ளையைக் கைவிடுவாரா என்பது அம்மாவின் நியாயம். அதனால் இம்முறை மூவருமாகப் போனோம்.

எங்கள் ஊர் பூவரசங்குளத்திலிருந்து காலை ஐந்தரைக்கு வவுனியா பஸ். அங்கிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் புதுக்குடியிருப்புக்கு இரண்டரை மணித்தியாலம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், யன்னலோரத்துக்கு ஆசைப்படாதீர்கள். சந்தியிலிருந்து கல்லூரிக்கு ஓட்டோ நானூறு ரூபா.

“பெருநாளுக்கே போறீங்கள்? ஆர் அங்க படிச்சது?” என்று கேட்டார் ஓட்டோக்காரர்.

“என்ர மகன்,” என்றார் அம்மா. கல்லூரிக் கதையென்றால் முந்திக்கொள்ளும் அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பலி முடிந்ததும், இறந்துபோன பழைய மாணவர்களின் படங்களுக்கு மண்டபத்தில் மெழுகுதிரி கொளுத்துவது இங்கே வழக்கம். இரண்டாவது வரிசையில் அண்ணா. மாலையோடு.

“ஆர் இதை வைச்சது? என்ர பிள்ளை செத்ததை ஆர் கண்டது?” அம்மா போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பொறுப்பாக நின்ற பாதர் பதறிப்போனார். “அம்மா, வீட்டு ஆக்கள் படம் தந்தால்தான் நாங்கள் வைப்பம்.”

“நான்தான் குடுத்தனான்,” என்றார் அப்பா. “வீட்டில கண் கலங்கினாலே அபசகுனமெண்டு ஏசுறாய். எனக்கு அவனுக்காக ஒருக்கா அழோணும் போல இருந்தது.”

சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டார். அப்பா அழுது நான் கண்டதேயில்லை. படத்தைக் கண்டதைவிட இதுதான் என்னை உலுக்கியது.

அம்மா மெழுகுதிரியை ஊதி அணைத்தார். மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டார். பிறகு கதிரையொன்றை இழுத்து, அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு அதில் அமர்ந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: திருப்பலி ஒன்பதரைக்கு, பகல் சாப்பாடு கல்லூரியிலேயே கிடைக்கும், திரும்பும் நேரடி பஸ் எத்தனை மணிக்கென்று இறங்கும்போதே விசாரித்து வையுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் காணாமற்போயிருந்தால், வெளிக்கிட முன்னரே வீட்டுக்குள் மனம்விட்டுக் கதையுங்கள். நாங்கள் கதைக்கவில்லை.

திரும்பும் பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டியது. படம் அம்மாவின் மடியில் இருந்தது. பிறகு அப்பாவைப் பார்க்காமலே சொன்னார்:

“இனி வீட்டிலயே அழுங்கோ, நான் ஏசமாட்டன். திரி மட்டும் கொளுத்தாதேங்கோ.”