அம்மாவின் நகங்கள்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்; ஈப்போவில் தாதிப் பயிற்சியில் இருக்கிறேன். இன்று ஒரு நோயாளியின் நகங்களில் ஊசி குத்தியதுபோன்ற குழிகளைப் பார்த்ததும் அம்மா வேலை செய்யும் ரிங்லெட் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வந்தது.

கொழுந்து கிள்ளும் எல்லாருக்கும் விரல் கறுத்திருக்கும். அதனால் அம்மாவின் நகக் குழிகளையும் தேயிலைக் கறையென்றே விட்டுவிட்டோம். நகங்கள் மஞ்சளாகித் தூக்கிக்கொண்டபோது, தோட்டத்தில் எல்லாரும் பெருநோய், ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். மதியம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கறியைப் பகிர்ந்து உண்பார்கள்.

"நீ தள்ளி உக்காருக்கா. நாங்க புள்ளகுட்டிக்காரிங்க லா," என்றாள் பக்கத்து வீட்டு ராசாத்தி.

"சரிடி, கருவாடு பூரா எனக்குத்தான்," என்று சிரித்தபடி அம்மா விலகினாள். அன்று கருவாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. இன்னமும் அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

"சொரியாசிஸ். சிலருக்கு நகத்தில் மட்டும் வரும். ஒட்டாது," என்றார் இன்று அந்த நோயாளியைப் பார்த்த டாக்டர், அம்மாவின் நகங்களைப் பற்றியும் நான் சொல்லிக் கேட்டபோது.

அதை அப்படியே, அம்மாவின் வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குக் கடிதமாக எழுதினேன். மதியம் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.