மிதித்து அழித்த சாக்சனி

ஜெர்மனியோடு யுத்தம் நடந்த வருடங்களில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. இன்ஸ்பெக்டரம்மா வந்து என் பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பாடம் ஐரோப்பிய பூகோளம். ஜெர்மனியின் சாக்சனி மாகாணத்தை மண்ணிலேயே செய்து காட்டலாம் என்று துணிந்தேன். பிள்ளைகள் செண்பகத்தோப்புப் பக்கம் போய்ப் புற்றுமண் அள்ளி வந்தார்கள். பள்ளி முற்றத்தில் தெற்கே மலைகளை எழுப்பினோம். வெள்ளியும் தகரமும் வெட்டியெடுத்த மலைகள் அவை. மலைக்கு அப்பாலிருந்து வரும் எல்பே ஆற்றைச் சலவை நீலம் கரைத்து ஓடவிட்டோம். ஆற்றங்கரையில் பழைய ராஜாக்களின் தலைநகர் டிரெஸ்டன். பீங்கானுக்குப் பேர்போன மெய்சனுக்கு ஓர் உடைந்த கோப்பைச் சில்லு. மேற்கே புத்தகச் சந்தை கூடும் லைப்சிக். நாம் சோறு கொண்டுவரும் ஜெர்மன் சில்வர் தூக்குச்சட்டிகூட அந்த மலைக்காரர்கள் உருக்கிப் பழகிய உலோகம்தான் என்றேன். ஆளாளுக்குத் தங்கள் சட்டியைத் தட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பார்த்தால் எல்பேயின் இரு கரையிலும் கோலம், ஆற்றில் செம்பருத்தி, மலை உச்சியில் குங்குமம்.

"யாருட்டி இது?" என்றேன்.

பெருமாள் கோயில் தெருப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "ஆறு வந்திருக்கு, பூப் போடாம எப்படி டீச்சர்?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பள்ளித் தாளாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சண்ட நடக்கையில எதிரி நாட்டுக்குப் பூசையா பண்ணுதிய? அதுவும் வேதக்காரங்க பள்ளிக்கூடத்துல!"

"பூசை ஆத்துக்குங்கய்யா. அந்த ஆறு யாரையும் சுடலையே" என்றேன்.

"வாயாடாதிய. இன்ஸ்பெக்டரம்மா வாறதுக்குள்ள இது இருக்கக் கூடாது. கட்டுன பிள்ளைகளே மிதிக்கட்டும்."

ஊரில் எந்தப் பிள்ளை ஆற்றை மிதிக்கும்? ஒருத்தியும் காலைத் தூக்கவில்லை. கடைசியில் செருப்புக் காலோடு அவரே இறங்கி மிதித்தார். டிரெஸ்டன் போயிற்று, லைப்சிக் போயிற்று. நீலத் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவர் உருகி உருகிப் பாடும் ஞானப்பாட்டு ராகங்களில் பாதி அந்த ஜெர்மன் சீமையிலிருந்து வந்தவை. அவற்றை எதிரி என்று சொல்ல அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

செத்த நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்துவிட்டார். தாளாளர் அவருக்கும் தனக்கும் ஜெர்மன் சில்வர் டம்ளரில் காப்பி வரவழைத்தார். சேறாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், பூப் போட்ட அதே பிள்ளை சொன்னாள்: "சாக்சனிங்கம்மா. எதிரி நாடுன்னு அய்யா மிதிச்சிட்டாவ. அவிய கையில இருக்க டம்ளரும் அந்த ஊருச் சாமான்தான். அதையும் மிதிப்பாவளா?"

இன்ஸ்பெக்டரம்மா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு இருந்தது. ஆனால் எழுதும்போது, காலம் தெரியாமல் பாடம் நடத்துகிறாள் என்றுதான் எழுதினார். அவருக்கும் வேலை வேண்டுமே.

அந்த மாதத்தோடு என்னை அனுப்பினார்கள். சொல்லிக்கொண்டு வரப் போனபோது தாளாளர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதே டம்ளர்தான்.