கோல்கீப்பரின் மூன்று வருஷ ஒப்பந்தம்

எண்பதுகளின் பின்பாதியில் ஆவடி கோவில்பதாகையில் எங்களுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. நான்தான் கேப்டன். ஆட்டத்தில் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. பந்து என்னுடையது, காற்றடிக்கிற பம்பும் என்னுடையது.

ஒவ்வொரு டோர்னமென்ட் சமயத்திலும் பக்கத்து ஏரியாக்காரர்கள் எங்கள் ஆட்களைத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு வேளை பிரியாணி, அவ்வளவுதான் விலை. எனக்கு யாரும் ஒரு பரோட்டாகூட வாங்கித் தந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான், வெளிநாட்டு கிளப்புகள் ஆட்டக்காரர்களோடு மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று ஒப்பந்தம் போடுவதை ஒரு பத்திரிகையில் படித்தேன். எங்கள் பையன்கள் கையெழுத்தை மதிக்கிறவர்கள் இல்லை. அதனால் எல்லோரையும் அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், மூன்று வருஷத்துக்கு வேறு டீமுக்கு ஆடமாட்டோம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

அன்றைக்கே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வருஷத்து அணியையும் எழுதிவிட்டேன். லெஃப்ட் பேக்குக்கு வருகிற தையில் கல்யாணம், அப்புறம் மைதானத்துப் பக்கம் வரமாட்டான். ஒரு ஃபார்வர்டு துபாய்க்குப் போக பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான். சென்டர் பேக்கின் முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும். கேப்டன், மூன்று வருஷமும் நான். கோல்கீப்பர் பெயருக்கு அடியில் மட்டும் அழுத்தி இரண்டு கோடு போட்டேன், மூன்று வருஷமும் அவன்தான். அவன் செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். நாள் முழுக்கப் பறந்து வருகிற கல்லைப் பிடிக்கிற கைக்குப் பந்து ஒரு பொருட்டா?

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டீமைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் எங்கள் ஆட்டத்துக்கு வந்தார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு கோல்கீப்பரிடம் போனார். கம்பெனிக்கு ஆடினால் வேலை, ஆறு மாதத்தில் பர்மனென்ட். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் அவன் என் வீட்டு வாசலில் நின்றான்.

"அந்த வேலைக்குப் போடான்னு அம்மா ஒரே அழுவாச்சி மச்சான். ஆனா சத்தியம் பண்ணிக்கீறேனே, மீறிப் போயி ஊட்ல யாருக்குனா எதுனா ஆயிட்டா?"

"நீ சூளைக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பூசாரியிடம் ஓடினேன். அவர் எனக்காகவே காத்திருந்தவர் மாதிரி சொன்னார்: "சத்தியம் வாங்கினவன் மொட்டை அடிச்சி அம்மனுக்கு முடி குடுத்துட்டா சத்தியம் எறங்கிடும் நைனா. அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

எனக்குத்தான் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அப்போது என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது முடி ஒன்றுதான். காதை மூடி, பின்னால் காலர்வரை இறக்கி, மாதக்கணக்கில் வளர்த்தது. விடுவேனா? மூன்று வருஷத்துக்கே திட்டம் போட்டவனுக்கு ஒரு வாரம் எம்மாத்திரம். ஞாயிறு பெண் பார்க்கிறோம், திங்கள் விடிந்ததும் மொட்டை, எட்டு மணிக்குக் கோல்கீப்பரை எஸ்டேட்டுக்கு அனுப்புகிறோம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பூந்தமல்லியில் பஜ்ஜி நன்றாக இருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் தரகரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தரகர் விஷயத்தைச் சொன்னார்: "முடியெல்லாம் ஜோராத்தான் கீதாம். பர்மனென்ட் வேலை இல்லியேன்னு யோசிக்கிறாங்க."

திங்கட்கிழமை விடியற்காலையில் முடியைக் கொடுத்தேன். தலையில் சந்தனம் காய்வதற்குள் கோல்கீப்பர் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். அவன் சூளைக்குப் போகிற அழுக்கு லுங்கியோடு நின்றிருந்தான்.

"சத்தியம் எறங்கிடுச்சிடா! கெளம்பு, எஸ்டேட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நம்ம பதிலு வரலன்னு சனிக்கிழமையே வேற கோல்கீப்பரை எடுத்துட்டாங்களாம் மச்சான். நேத்து ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சி."

அவன் அம்மா உள்ளேயிருந்து வந்து என் மொட்டையைப் பார்த்தாள். "இத்த ஒரு ரெண்டு நாள் முன்னாடி அடிச்சிருக்கக் கூடாதா நைனா?"

அவன்தான் குறுக்கே வந்தான்.

"சும்மா இரும்மா. அம்மனுக்குக் குடுக்கறதுன்னா நாளு கெழமை பாக்க வேணாமா? எனக்கோசரம் தலைய மழிச்சிக்கினு வந்துக்கீறான், அவனைப் போயி..."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் மிச்ச வருஷங்களையும் எனக்கே ஆடினான். பூந்தமல்லிக்குப் போன கதையை இன்றுவரை நான் அவனிடம் சொல்லவில்லை.