தலைவராகாத பக்கிரிசாமி சார்

ஞாயிற்றுக்கிழமை காலை, நாகப்பட்டினத்தில் என் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நீடாமங்கலத்திலிருந்து பக்கிரிசாமி சாரின் மகள் மலர்விழி. "அத்தை, அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். கத்தியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். முந்தின வாரம்தான், "டேபிள்ல எனக்குப் போட்ட வயசத் தாண்டிட்டேன் சரோஜாம்மா, இனிமே எல்லாம் போனஸ்" என்று போனில் சிரித்தார். மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சார் ஒரு ஆக்சுவரி. ஆயிரம் பேரில் எத்தனை பேர் எந்த வயதில் இறப்பார்கள் என்று டேபிள் போட்டுக் கணித்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி நாளைக்குக் கைவிரித்துவிடாதபடி பிரீமியம் வைக்கிற வேலை. நானும் அதே தொழில்தான். மெட்ராஸ் அலுவலகத்தில் அவருக்கு அடுத்த மேஜை என்னுடையது. அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர், "அப்ப நான் எப்பப்பா போவேன்?" என்று கேட்டாராம். "ஒருத்தருக்குன்னு சொல்ல முடியாதுங்க, ஊரோட சேத்துத்தான் சொல்லலாம்" என்றிருக்கிறார் சார். "அடப்பாவி, ஊரையே அனுப்பப் பாக்குறியே!" என்று பெரியவர் கம்பை ஓங்கிவிட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சாரின் அப்பா மாரிமுத்து விவசாயக் கூலி. கழக ஆட்சி வந்த புதிதில் எங்கள் பக்கம் முழுக்கக் கூலித் தகராறு. உள்ளூர் ஆள் அறுப்பில் இறங்காது, வெளியூர் ஆளைக் கொண்டுவருவார்கள், பின்னாலேயே போலீஸ் வரும். ஊருக்காகப் பேசப் போகிறவர் மாரிமுத்துதான். பண்ணையார் வீட்டுக்கு வரச் சொன்னால் போக மாட்டார். "களத்துக்கு வாங்க. நெல்லு அளக்குற எடத்துல, நாலு ஊரு சனம் நிக்கறப்ப சொல்லுங்க" என்பாராம். வீட்டுக்குள் சொன்ன வார்த்தை வாசற்படி தாண்டாது என்பது அவர் பட்ட அனுபவம். கேட்டது கிடைத்துவிட்டால் அன்றைக்கே போராட்டக் கொடியை இறக்கிவிட்டு, ஆட்களை வயலில் இறங்கச் சொல்லிவிடுவார். "அதுக்கு மேல நின்னா வீம்பு" என்பாராம்.

அந்த வீட்டிலிருந்து படித்து வந்த சார், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தஞ்சாவூர்க் கிளையில் குமாஸ்தாவாக இருந்தபடியே ஆக்சுவரி தேர்வுகளை எழுதினார். தாள் தாளாக வருஷக்கணக்கில் எழுத வேண்டிய தேர்வு. நடப்பதோ பெரிய பட்டணங்களில் மட்டும். அதுவும் ஐப்பசியில்! ஐப்பசியில் எங்கள் ஊர் எப்படிக் கிடக்கும் என்று பம்பாயில் உட்கார்ந்து தேதி வைக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு வருஷம் வெண்ணாறு உடைத்துக்கொண்டு தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் இல்லை, பஸ்ஸும் இல்லை. மெட்ராஸில் தேர்வு நடக்க, சார் நீடாமங்கலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதித் தேறிவிட்டார். அன்று அதே பெஞ்சில் இருந்த அவர் நண்பர் அத்தோடு தேர்வையே விட்டுவிட்டார். "அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்மா" என்று சார் சொல்லாத மழைக்காலம் இல்லை.

அதனால்தான் எங்கள் ஆக்சுவரிகள் சங்கத்தின் தலைவர் தேர்தலில் நின்றார். ஒரே கோரிக்கை, தஞ்சாவூரில் ஒரு தேர்வு மையம். அந்தச் சங்கத்தில் வாய்விட்டு ஓட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. வேட்பாளர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர்கள் தாமாக வந்து மாலை போடுவார்கள். சார் மேஜை மேஜையாகப் போய்க் கும்பிட்டார். "ஓட்டுக் கேக்க என்னங்க வெக்கம்? எங்க ஊருல மந்திரியே சேத்துல எறங்கி வந்து கும்புடுறாரு" என்றார். "இதென்ன பஞ்சாயத்து எலெக்‌ஷனா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். "பஞ்சாயத்துல நின்னு ஜெயிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று நான் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். சாருக்காக நான் சண்டை போடாத ஆள் பாக்கியில்லை. தேர்தல் நடக்கிற பம்பாய்ப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட்டு எங்கள் பக்கம் என்று எதிராளிக்கே தெரிந்திருந்தது. சார் புதுக் கோட்டு தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிர்த்து நின்ற குல்கர்ணி வந்தார். நிர்வாகக் குழுவில் முக்கால்வாசி அவர் ஆட்கள். சார் விலகிக்கொண்டால் தஞ்சாவூர் மையத்தைத் தானே முன்நின்று திறப்பதாக ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். சார் கோப்பையைக் கீழே வைத்தார். இங்கே வேண்டாம், மேடையில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றார். குல்கர்ணி மேடையேறிச் சொன்னார். நல்ல மனிதர்தான், உரக்கவே சொன்னார். சார் உடனே எழுந்து போட்டியிலிருந்து விலகினார்.

நான் அவரை மாடிப்படியில் மடக்கினேன். "ஜெயிக்கிற எலெக்‌ஷன் சார்! கையில வந்ததத் தூக்கி ஆத்துல போட்டுட்டீங்களே!"

"ஜெயிச்சிருப்பேன்மா. ஆனா கமிட்டி அவங்க கையில. நான் தலைவரா ஒக்காந்து கேட்டா மையம் வந்தாலும் வரும், வராமலும் போவும். அவரு இப்ப சபையில சொல்லிட்டாரு, இனிமே வந்தே ஆவணும். ரெண்டுல எது நிச்சயம்னு பாக்குறதுதானே நம்ம பொழப்பு?"

"அப்ப அந்த நாற்காலி?"

சார் புதுக் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். "அதுல ஒக்காந்து ஒரு போட்டோ எடுத்து அப்பாகிட்ட காட்டணும்னு இருந்துச்சு" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போதாதென்று, ஏன் கேட்டேன் என்று என்மேலும் வந்தது.

சார் ஊருக்குப் போனதும் மாரிமுத்து, "கேட்டது கெடச்சுதா?" என்றாராம். "கெடச்சுதுப்பா." "அப்பறம் என்னடா மூஞ்சி அப்புடி இருக்கு? கை கழுவிட்டு வா, சாப்புடு" என்றாராம். அத்தோடு சரி.

அடுத்த ஐப்பசியில் தஞ்சாவூரில் முதல் தேர்வு. கண்காணிக்க நாங்கள் இருவரும் போனோம். பேய் மழை. கோடியக்கரை உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு பையன், கும்பகோணத்திலிருந்து சேலை நனைந்த பெண்கள், எல்லாரும் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். சார் வாசலில் நின்று ஒவ்வொரு குடையாக வாங்கிச் சுவரோரம் விரித்து வைத்தார். "பெய்யட்டும்மா, எவ்வளவு வேணாலும் பெய்யட்டும்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். மத்தியானம் மெஸ்ஸில் திரும்பத் திரும்ப ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு அவர் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. ஓய்வுபெற்று நீடாமங்கலத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிக் குறுவை போட்டார். விளைச்சல் எப்படி வரும் சார், கணிச்சுச் சொல்லுங்க என்றால், "மேட்டூர்ல போய்க் கேளுங்க" என்பார். குறையில்லாமல் வாழ்ந்த மனிதர்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற தம்பி நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் போஸ்டர் ஒட்டாமல் ஒரு சாவு நடக்காது. பெயருக்குக் கீழே முன்னாள் கவுன்சிலர், கிளைச் செயலாளர் என்று ஏதாவது இருந்தாக வேண்டும்.

"ஐயாவுக்கு என்ன பதவி போடலாங்க?" என்று கேட்டார்.

மலர்விழி விழித்தாள். "அப்பா எந்தப் பதவியிலயும் இருந்ததில்லியே."

"தலைவர்னு போடுங்க தம்பி" என்றேன் நான்.

"எதுக்குத் தலைவருங்க?"

"எதுக்கும் வேண்டாம். வெறுமனே தலைவர்னு போடுங்க. பெரிய எழுத்துல."

மலர்விழி அழுகையோடு சிரித்துவிட்டாள். "அத்தை, பொய்யா எழுதியிருக்கேன்னு அப்பா திட்டுவாங்க."

"வந்து திட்டச் சொல்லு" என்றேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள். கேட் போட்டால் லேசில் திறக்காத இடம். நிற்கிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். பொய்தான் சார், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள். முடிந்தால் ஒரு நடை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போங்கள்.